உங்க சுகர் ரிப்போர்ட்டில் எண்ணப்படுவது சுகர் இல்லை

கொஞ்சம் நீளமான திரெட். வீட்டுல சுகர் மாத்திரை சாப்பிடுற அம்மாவோ அப்பாவோ இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நான் திருச்சியில் அரசு மருத்துவமனை டாக்டர். ஸ்ரீரங்கத்தில் பூ கட்டி விற்கும் ஓர் அம்மா கொஞ்ச நாள் முன்னாடி என் ஓ.பி.க்கு வந்தாங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். வலது கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. கோயிலைச் சுத்தி வெறுங்காலோட நடந்தப்ப ஏதோ குத்தியிருக்கு. கால் மரத்துப் போனதால தெரியவே இல்லை.

"சுகர் இருக்காம்மா?"ன்னு கேட்டேன்.

"இருந்துச்சு தம்பி. இப்ப இல்ல. நாலு மாசமா மாத்திரையே கிடையாது. பட்டை வெச்சுப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், சுத்தமா இருக்கு"ன்னு சொல்லிப் பைக்குள்ள இருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாங்க. சிறுநீரில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்.

ரத்தத்தில் பார்த்தோம். 412.

அந்த விரலைக் காப்பாத்த முடியல. எடுத்துட்டோம். இந்த திரெட் அந்த விரலைப் பத்தினது.

நடந்தது இதுதான். யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல வந்து ஒரு பொடி வித்திருக்கார். நெல்லிக்காய்ச் சாறு, அதோட வைட்டமின் சி. காலைல ஒரு பாக்கெட், ராத்திரி ஒரு பாக்கெட். பாக்கெட்டுக்கு 1 கிராம் வைட்டமின் சி-ன்னு லேபிள்லயே போட்டிருக்கு. "90 நாள்ல சுகர் போயிடும், மாத்திரையை நிறுத்திடலாம். நம்பலைன்னா நீங்களே செக் பண்ணிக்குங்க"ன்னு சொல்லி ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் இலவசமா கொடுத்திருக்கார்.

"நீங்களே செக் பண்ணிக்குங்க." இந்த ஒரு வார்த்தையிலதான் அந்த அம்மா விழுந்துட்டாங்க. படிச்சவங்களும் இதுலதான் விழுறாங்க. ரிப்போர்ட்ல நம்பர் இருக்கு, நம்பர் பொய் சொல்லாதுன்னு ஒரு நம்பிக்கை.

சரி, அந்த நம்பர் எங்கே இருந்து வருது? பத்து வருஷமா சுகர் டெஸ்ட் எடுக்கிறவங்களுக்கும் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நாங்களும் சொன்னதில்ல. அது எங்க தப்பு.

ரத்தத்துல சுகர் எவ்வளவுன்னு நேரடியா எண்ணுற கருவி உங்க தெருமுனை லேப்ல இல்லை. நம்ம ஊர் லேப்கள்ல பரவலா நடக்கிறது காட்-பாட் என்ற முறை. உங்க சீரம் ஒரு துளியிலும் சின்ன அளவு, 10 மைக்ரோ லிட்டர். அதை 1 மில்லி ரீஏஜென்ட்ல கலப்பாங்க. அந்த ரீஏஜென்ட் ஒரு பாஸ்பேட் பஃபர். அதாவது அமிலம் காரம் எந்தப் பக்கமும் சாயாம, பிஹெச் 7-ஐ ஒட்டியே நிக்கிற கரைசல். உள்ள இருக்கிற நொதிகள் ஒழுங்கா வேலை செய்ய அந்த நிலை வேணும்.

முதல் நொதி குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஒருவகைப் பூஞ்சையில இருந்து எடுக்கிறது. இது குளுக்கோஸைப் பிடிச்சு ஆக்சிஜனோட சேர்த்து உடைக்கும். அப்ப வெளியே வர்றது ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒரு குளுக்கோஸுக்கு ஒரு பெராக்சைடு, கணக்கு சரியா இருக்கும்.

ரெண்டாவது நொதி பெராக்சிடேஸ். முள்ளங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிழங்குல இருந்து வருது. இது அந்தப் பெராக்சைடை வெச்சு, கரைசல்ல இருக்கிற நிறமில்லாத ரெண்டு பொருளை இணைச்சு பிங்க் நிறமா மாத்தும். 37 டிகிரியில பத்துப் பதினஞ்சு நிமிஷம் வெச்சுட்டு, அந்தப் பிங்க் எவ்வளவு அடர்த்தின்னு 505 நானோமீட்டர் ஒளியில மெஷின் பார்க்கும். பக்கத்துல 100 மில்லிகிராம்னு தெரிஞ்ச ஒரு ஸ்டாண்டர்ட் கரைசல். அதோட ஒப்பிட்டு உங்க நம்பர் வரும்.

1969-ல் டிரிண்டர் என்பவர் எழுதிய முறையின் வழி வந்தது இது. நல்ல முறை, விலை கம்மி. கோடிக்கணக்கான பேருக்கு வைத்தியம் இதை நம்பித்தான் நடக்குது. நான் இதைக் குறை சொல்ல வரல.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? கடைசியில எண்ணினது சுகரை இல்ல, பெராக்சைடை.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். வைகுண்ட ஏகாதசிக்கு உள்ளே எவ்வளவு கூட்டம்னு தெரியணும். உள்ளே போய் தலையை எண்ண முடியாது. வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பை எண்ணி ரெண்டால வகுக்கிறோம். நல்ல வழிதான். ஆனா ஒருத்தன் வந்து பாதிச் செருப்பை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனா? கணக்குல கூட்டம் பாதியாயிடும். உள்ளே ஒரு ஆள்கூட குறைஞ்சிருக்க மாட்டாங்க.

வைட்டமின் சி அந்தச் செருப்புத் திருடன்.

பெராக்சைடு நிறமா மாறுறதுக்கு முன்னாடியே வைட்டமின் சி குறுக்கே புகுந்து அதைக் காலி பண்ணிடும். நிறம் வராது. மெஷினும் ஸ்ட்ரிப்பும் "சுகர் கம்மி"ன்னு சொல்லும். சுகர் அங்கேயேதான் இருக்கும்.

"அப்போ நெல்லிக்காய் சாப்பிட்டா ரிப்போர்ட் தப்பா வருமா டாக்டர்?"னு கேப்பீங்க. ஒரு நெல்லிக்காய்க்கெல்லாம் வராது. வாய்வழியா எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தத்துல வைட்டமின் சி ஓரளவுக்கு மேல ஏறாது. அதிகமானதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிடும். அதனால வாய்வழியா சாப்பிட்டா ரத்த டெஸ்ட்ல வர்ற பிழை பொதுவா சின்னதுதான். ஆனா வெளியே தள்ளினது எங்கே போகும்? சிறுநீருக்கு. அங்க அது குவிஞ்சு நிக்கும். அதனால முதல்ல ஏமாறுறது சிறுநீர் ஸ்ட்ரிப். அந்த ஸ்ட்ரிப் நுனியில இருக்கிற சின்னச் சதுரத்துக்குள்ளயும் இதே ரெண்டு நொதிதான், இதே பெராக்சைடுதான்.

ரத்தக்குழாய் வழியா வைட்டமின் சி ஏத்தினா கதை வேற. தோல் வெளுக்கணும்னு டிரிப் போட்டுக்கிறவங்க கவனிங்க. அப்ப ரத்த டெஸ்ட்டும் நல்லாவே தடம் புரளும்.

இப்ப யோசிங்க. பொடியில வைட்டமின் சி. கூடவே, வைட்டமின் சி இருந்தா வேலை செய்யாத ஸ்ட்ரிப் இலவசம். விக்கிறவருக்கு இது தெரிஞ்சே செஞ்சாரா, தெரியாம செஞ்சாரா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அது அயோக்கியத்தனம். தெரியாம இருந்தா, தெரியாத விஷயத்தை நம்பி ஒரு மனுஷியோட மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவர் யாரு?

நானும் எங்க லேப் டெக்னீஷியனும் ஒரு சின்ன சோதனை பண்ணிப் பார்த்தோம். 100 மில்லி தண்ணியில 100 மில்லிகிராம் குளுக்கோஸ். புது ஸ்ட்ரிப்பை முக்கினா நிறம் மாறிச்சு. அதே தண்ணியில ஒரு 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கிப் போட்டோம். இன்னொரு புது ஸ்ட்ரிப். பார்க்க வேண்டிய நேரம் தாண்டியும் நிறம் மாறல. தண்ணியில இருந்த குளுக்கோஸ் எங்கேயும் போகல.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடறேன். அந்த அம்மாவோட ஸ்ட்ரிப் ஏமாந்ததுக்கு வைட்டமின் சி மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். டப்பாவை மூடாம அடுப்படி ஜன்னல்லயே நாலு மாசம் வெச்சிருக்காங்க. ஸ்ட்ரிப் நமத்துப்போச்சுன்னா நொதி செத்துடும், அப்பவும் நிறம் வராது. எந்தப் பங்கு எதனாலன்னு பிரிக்க முடியாது. ஆனா இதையும் அவங்ககிட்ட யாரும் சொல்லல.

இன்னொண்ணு. ஸ்ட்ரிப் நல்லா இருந்து, பொடியும் சாப்பிடலைன்னாலும், சிறுநீர் சுத்தமா இருந்தா சுகர் கட்டுப்பாட்டுல இருக்குன்னு அர்த்தம் கிடையாது. பொதுவா ரத்தத்துல 180-ஐத் தாண்டினாத்தான் சிறுநீர்ல சுகர் வடியவே ஆரம்பிக்கும். 170-லயே வருஷக்கணக்கா இருந்தா சிறுநீர் சுத்தமாத்தான் இருக்கும். கண்ணும் கிட்னியும் கால் நரம்பும் சத்தமில்லாம போயிட்டிருக்கும்.

அடுத்து அந்த "முகாம் ரிப்போர்ட்" கதை. அந்த அம்மா கையில ரெண்டு பேப்பர் இருந்துச்சு. பொடி சாப்பிடுறதுக்கு முன்னாடி 250. சாப்பிட்ட பிறகு 170. "பாருங்க தம்பி, லேப் ரிப்போர்ட்டே சொல்லுது"ன்னாங்க.

முதல் டெஸ்ட் லேப்ல போய்க் கொடுத்தது. ரெண்டாவது பொடிக்காரங்க நடத்தின முகாம்ல எடுத்தது. காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்திருக்காங்க. சாதாரண டியூப்ல போட்டு பையில வெச்சு, முகாம் முடிஞ்சு மத்தியானம் 2 மணிக்கு லேப் போயிருக்கு.

டியூப்புக்குள்ள போன ரத்தம் உயிரோடதான் இருக்கும். உள்ளே இருக்கிற அணுக்கள் சுகரைத் தின்னுக்கிட்டே இருக்கும். அறை வெப்பநிலையில மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். வெயில் கூடினா இன்னும் வேகம். திருச்சி வெயிலை நான் சொல்லணுமா? 250-ல ஆரம்பிச்சு மணிக்கு 6 சதவீதம்னு ஆறு மணி நேரம் போட்டுப் பாருங்க. 172 வரும்.

அந்தப் பேப்பர்ல இறங்கினதுக்குப் பொடியே தேவையில்ல. பையில வெச்சிருந்த ஆறு மணி நேரம் போதும்.

இதைத் தடுக்கத்தான் சாம்பல் கலர் மூடி போட்ட டியூப் இருக்கு. உள்ளே ஃபுளோரைடு. அதுவும் உள்ள போன நொடியே வேலை செய்யாது, முழுசா பிடிக்க ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும். ஐஸ்ல வெச்சு, அரை மணி நேரத்துல சென்ட்ரிஃபியூஜ்ல சுத்திப் பிரிச்சுட்டா பிரச்சனையே இல்ல. இதெல்லாம் எம்.பி.பி.எஸ். முதல் வருஷப் பாடம். படிச்சோம், பாஸ் பண்ணோம், மறந்துட்டோம்.

சுகர் மட்டும்னு நினைக்காதீங்க. கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு, யூரிக் ஆசிட், வழக்கமா இது எல்லாத்துலயும் இதே கதைதான். முதல் நொதி மட்டும் மாறும். கடைசியில பெராக்சைடு, அப்புறம் பிங்க் நிறம். மஞ்சள் காமாலை முத்தினவங்களுக்கு ரத்தத்துல இருக்கிற பிலிருபினே இந்த நிறத்தைக் கெடுக்கும். எலி பேஸ்ட் சாப்பிட்டு வர்றவங்களுக்கு அசிட்டைல் சிஸ்டீன் டிரிப் போடுவோம் இல்லையா, அதுவும் இந்த டெஸ்ட்களைக் குறைச்சுக் காட்டும். டாக்டர் நண்பர்களே, டிரிப் ஓடும்போது எடுத்த நம்பரை அப்படியே கேஸ் ஷீட்ல எழுதாதீங்க.

மேல காட்டுற தப்பும் உண்டு. சிறுநீர் பிடிக்கிற டப்பாவை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தா, சுகரே இல்லாம ஸ்ட்ரிப் நிறம் மாறும். ஏன்? அதுவும் பெராக்சைடு செய்யுற வேலையைத்தான் செய்யும். செருப்பு திருடன் போய், யாரோ வாசல்ல பழைய செருப்பைக் கொட்டிட்டுப் போன மாதிரி.

இந்தக் கதையில பெராக்சைடு இன்னொரு இடத்துலயும் வருது. அந்த அம்மா புண்ணு வந்ததும் மெடிக்கல் ஷாப்ல ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில் வாங்கி தினமும் ஊத்தியிருக்காங்க. "நல்லா நுரை வரும் தம்பி, கிருமி செத்துடும்"னாங்க. நுரை வர்றது கிருமி சாகுறதுக்கு அடையாளம் இல்ல. நம்ம ரத்தத்துலயும் சதையிலயும் கேட்டலேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது பெராக்சைடைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிக்குது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. தினமும் ஊத்தினா ஆற வேண்டிய புது சதையும் சேர்ந்து போகும். சுத்தமான தண்ணி, இல்ல சலைன் போதும். சுகர்காரங்க கால் புண்ணுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டுல ஊத்தி ஊத்திப் பார்த்த அதே பெராக்சைடைத்தான் அந்த ஸ்ட்ரிப்பும் எண்ணத் தெரியாம எண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு முன்னாடியே பதில் சொல்லிடறேன்.

"நீ அலோபதி, நாட்டு மருந்துக்கு எதிரி." இல்ல. அரசு மருத்துவமனையிலயே சித்தா பிரிவு இருக்கு. என் நோயாளிகளை நானே அங்க அனுப்பியிருக்கேன். படிச்ச சித்த மருத்துவர் யாரும் வாசல்ல வந்து "இன்சுலினை நிறுத்து"ன்னு சொல்ல மாட்டார். நெல்லிக்காய் நல்ல உணவு, தாராளமா சாப்பிடுங்க. நான் எதிர்க்கிறது, நிறத்தை மறைச்சுட்டு நோய் போச்சுன்னு சொல்றவங்களை.

"எங்க மாமாவுக்கு நிஜமாவே இறங்கிச்சு." இறங்கியிருக்கலாம். கூடவே சோத்தைக் குறைச்சிருப்பார், நடந்திருப்பார். இறங்கினதை எதை வெச்சு, எந்த டியூப்ல, எத்தனை மணிக்குப் பாத்தார்னு சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

"சட்டம் என்ன பண்ணுது?" சட்டம் இருக்கு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், 1954. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவேன்னு விளம்பரம் செய்யறதே இதன்படி குற்றம், அந்த நோய்ப் பட்டியல்லயே சர்க்கரை நோய் இருக்கு. எழுபது வருஷமா இருக்கு. உங்க குடும்ப குரூப்ல இன்னைக்குக் காலைல எத்தனை விளம்பரம் வந்துச்சுன்னு பாருங்க.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல்னு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொல்லிச்சு. நம்ம மாநிலத்துல 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, காசு இல்லாம. வீடு தேடி வந்த அந்த மாத்திரையை டப்பாவுல தூங்க வெச்சுட்டு, மாசம் ஆயிரக்கணக்குல கொடுத்துப் பொடி வாங்குறோம். பொடி இனிக்கப் பேசுது. நாங்க ஓ.பி.யில ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதி அனுப்பிடறோம். அந்த அம்மாகிட்ட பொடிக்காரர் அரை மணி நேரம் உக்காந்து பேசினாராம். இது எனக்கு உறைச்சது. உறைக்கணும்.

சரி, நீங்க செய்ய வேண்டியது:

1. எந்த நம்பரைப் பார்த்தும் நீங்களா மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீங்க. நம்பர் திடீர்னு ரொம்ப நல்லா வந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சந்தேகப்படுங்க.

2. வைட்டமின் சி மாத்திரை, பொடி, டிரிப் எது எடுத்தாலும் டாக்டர்கிட்டயும் லேப்லயும் வாய் திறந்து சொல்லுங்க. டெஸ்ட்டுக்கு எவ்வளவு முன்னாடி நிறுத்தணும்னு கேளுங்க.

3. ரத்தம் எடுக்கும்போது சாம்பல் மூடி டியூப்பான்னு பாருங்க. எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்க. முகாம்ல எடுத்தா எங்க போகும், எப்ப போகும்னு கேளுங்க. கேக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க, உங்க ரத்தம்.

4. சிறுநீர் ஸ்ட்ரிப்பை வெச்சு சுகர் வைத்தியம் பண்ணாதீங்க.

5. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எச்பிஏ1சி பாருங்க. அதுலயும் பெராக்சைடு வழியா போற முறைகள் இருக்கு, எச்பிஎல்சி முறையில எடுத்தா அந்தத் தொல்லை இல்ல. ரத்தசோகை இருந்தா அந்த நம்பரும் தடுமாறும், டாக்டர்கிட்ட சொல்லுங்க.

6. தினமும் ராத்திரி காலைப் பாருங்க. குனிய முடியலைன்னா கண்ணாடியைக் கீழே வெச்சுப் பாருங்க. சுகர்காரங்க வெறுங்காலோட நடக்காதீங்க. கோயில்ல கழட்டித்தான் ஆகணும்னா சாக்ஸ் போடுங்க, உச்சி வெயில்ல கல்லுல நடக்காதீங்க. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்.

லேப் நடத்துறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்ல எந்த முறைன்னும், ரத்தம் எடுத்த நேரம், டெஸ்ட் போட்ட நேரம் ரெண்டையும் அச்சடிங்க. ரெண்டு வரி இடம்தான். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் அணைஞ்சு, ரீஏஜென்ட் தானாவே பிங்க் ஆகியிருந்தா மனசைக் கல்லாக்கிக் கீழே ஊத்திடுங்க. அதோட விலை ஒரு கால்விரலை விடக் கம்மி.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த அம்மா கேட்டாங்க: "அப்ப அந்தப் பட்டை பொய்யா தம்பி சொல்லுச்சு?"

"இல்லம்மா. அது எண்ணினது வேற. உங்களுக்குச் சொன்னது வேற"ன்னேன். புரிஞ்சுச்சான்னு தெரியல. மாத்திரை டப்பாவை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க. இப்ப உக்காந்து பூ மட்டும் கட்டுறாங்க, நடந்து விக்கிறது மகள்.

உங்க வீட்டு அலமாரியில அப்படி ஒரு பொடி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இருந்தா லேபிளைத் திருப்பிப் படிங்க. அப்புறம் அம்மா மாத்திரை சாப்பிடுறாங்களான்னு கேளுங்க. அப்படியே காலையும் பாருங்க.

குடும்ப குரூப்ல அந்தப் பொடி விளம்பரத்துக்குக் கீழேயே இதைப் போடுங்க.